ஆழமற்ற கடலில் ஓடில்லா நத்தைகளை இனங்காணும் முறை

கரையோரத்தின் ஆழமற்ற நீரில் ஓர் ஓடில்லா நத்தையைக் கண்டவுடன் முதலில் கண்ணில் படுவது அதன் நிறம்தான். இனங்காணும் வேலையில் கடைசியாகக் கணக்கில் எடுக்க வேண்டியதும் அந்த நிறமே. ஒரே இனத்துக்குள் நிறம் பலவாக வேறுபடுவதும், வெவ்வேறு இனங்கள் ஏறக்குறைய ஒரே நிறக்கோலத்தைக் கொண்டிருப்பதும் இந்த விலங்குகளிடம் மிகச் சாதாரணம். ஆகவே உடலமைப்பைக் கொண்டு முதலில் பெரும்பிரிவையும், பின்பு குடும்பத்தையும் பேரினத்தையும் நிலைநிறுத்தி, அது எதன் மேல் இருந்தது, எந்தக் கடலில் இருந்தது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்து, அதற்குப் பிறகே நிறத்தை வைத்து இனப்பெயருக்குச் செல்வது நம்பகமான வழி.

தேடுவதற்கு ஓதம் வற்றும் நேரமே உகந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மற்ற நாட்களைவிட அதிகமாக உள்வாங்குவதால், வழக்கமாக நீருக்கடியில் இருக்கும் பாறைகளும் குட்டைகளும் அப்போது எட்டும் தொலைவுக்கு வரும். ஓத அட்டவணையில் நீர்மட்டம் மிகக் குறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே இறங்கினால், வற்றும் நீரைப் பின்தொடர்ந்தபடியே தேடலாம். நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் தாமதிக்காமல் கரைக்கு வந்துவிட வேண்டும். பாறைகளின் அடிப்புறம், நிழலான விளிம்புகள், கடற்பஞ்சு படர்ந்த இடங்கள், பாசிக் கொத்துகள், கடற்புல் இலைகள், இறகு போல் கிளைத்து வளரும் ஹைட்ராய்டு என்ற சிறு விலங்குக் கூட்டங்கள் ஆகியவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். மணற்பரப்பில் மெல்லிய மேடாக ஓடும் தடம் தென்பட்டால், அதன் முடிவில் மணலுக்குள் புதைந்து நகரும் இனம் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலான ஓடில்லா நத்தைகள் 5 சென்டிமீட்டருக்கும் குறைவானவை. சில மில்லிமீட்டர் அளவே உள்ளவையும் ஏராளம். வேகமாக நடந்து பெரிய பரப்பைச் சுற்றுவதைவிட, ஒரே பாறையின் முன் நெடுநேரம் குனிந்திருப்பவரே அதிகம் காண்பார்.

புரட்டிய கல்லை, அடியில் வாழும் உயிர்கள் நசுங்காதபடி, முன்பிருந்த நிலையிலேயே திருப்பி வைக்க வேண்டும். பவளத்தின் மீது கால் வைக்கக் கூடாது. தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம். வெப்பமண்டலக் கடல்களில் கூம்புச் சங்கு, கல்மீன் போன்ற நச்சுயிர்களும் இதே இடங்களில் வாழ்வதால், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விடுவது ஆபத்து. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் எதையும் எடுப்பதற்கு முன் அனுமதி தேவைப்படும். இனங்காண்பதற்கு நல்ல படங்களே பெரும்பாலும் போதும் என்பதால், எடுக்கும் தேவை அரிதாகவே எழும்.

உயிரோடு, நீருக்குள், நகரும் நிலையில் பார்ப்பது

நீருக்கு வெளியே எடுத்த ஓடில்லா நத்தை உருவமற்ற சதைத்துண்டாகச் சரிந்துவிடும். அதன் செவுள்களும் கொம்புகளும் உள்ளிழுக்கப்பட்டு, இனங்காண உதவும் உறுப்புகள் யாவும் மறைந்துபோகும். அந்த நிலையில் எடுத்த படத்தை எவ்வளவு தேர்ந்தவரிடம் காட்டினாலும் பயனில்லை. விலங்கை அது இருக்கும் இடத்திலேயே நீருக்குள் பார்ப்பதே சிறந்தது. அது இயலாத இடத்தில் மட்டும், அதே குட்டையின் நீரை நிரப்பிய ஒரு தட்டையான கண்ணாடிக் கிண்ணத்துக்குள், ஒட்டியிருக்கும் பாசித் துண்டோடு சேர்த்து மெதுவாக மாற்றலாம். சில நிமிடங்கள் அசையாமல் விட்டால் அது உடலை நீட்டி ஊரத் தொடங்கும். கொம்புகளும் செவுள்களும் விரியும் வரை பொறுத்திருந்த பிறகே படமெடுக்க வேண்டும். நீளத்தை அளப்பதும் அவ்வாறு முழுமையாக நீண்டு ஊரும்போதுதான்.

கண்ணாடிக் கிண்ணத்துக்கு இன்னொரு பயன் உண்டு. கிண்ணத்தைச் சற்றே உயர்த்திக் கீழிருந்து பார்த்தால், விலங்கைத் தொடாமலேயே அதன் பாதத்தின் அடிப்புறத்தையும், வாயைச் சுற்றியுள்ள உணர்விழைகளையும், முதுகைப் போர்த்தும் மேலுறையின் கீழ்ப்பக்கத்தையும் காணலாம். சில இனங்களைப் பிரிக்கும் முக்கியமான அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

படங்களைப் பொறுத்தவரை, நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, தலைப்பகுதி அருகாமையில் ஒன்று, செவுள்கள் அருகாமையில் ஒன்று, அடிப்புறம் ஒன்று, இருந்த சூழலோடு சேர்த்து ஒன்று என்பவை இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைக்கும். அழகான கோணத்தில் எடுத்த ஒரே படத்தைவிட, சுமாரான ஆறு படங்கள் அதிகம் சொல்லும். அளவுகோலின் ஒரு பகுதி ஏதேனும் ஒரு படத்திலாவது தெரிய வேண்டும்.

வெறும் கையால் தொடுவதைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. செராட்டா எனப்படும் விரல் போன்ற நீட்சிகளை முதுகில் கொண்ட இனங்கள் பல, தாம் உண்ட ஹைட்ராய்டு போன்றவற்றின் கொட்டும் செல்களைச் சிதைக்காமல் சேமித்துத் தற்காப்புக்குப் பயன்படுத்துகின்றன. கரை ஒதுங்கும் நீலநிற கிளாக்கஸ் அட்லான்டிகஸ், ஃபைசாலியா என்ற, நீரில் மிதக்கும் நச்சு மிகுந்த உயிரை உண்டு அதன் கொட்டும் செல்களைத் தன்னுள் வைத்திருப்பதால், மனிதரையும் கடுமையாகக் கொட்டக்கூடியது. ஃபிலிடியா குடும்பத்தினரோ கடற்பஞ்சிலிருந்து பெற்ற வேதிப்பொருள்களைச் சுரப்பவர்கள். அவற்றை மீன் உள்ள வாளியில் போட்டால் மீன்கள் இறந்துபோகக்கூடும்.

கவனிக்க வேண்டிய உறுப்புகள்

தலையின் மேற்புறத்தில் நிற்கும் ஓரிணைக் கொம்புகளிலிருந்து தொடங்க வேண்டும். ரைனோஃபோர் எனப்படும் இந்த மோப்பக் கொம்புகள் நீரில் கரைந்த வேதிப்பொருள்களை உணர்பவை. அவை எத்தகையவை என்பதை மட்டும் சரியாகப் பார்த்துவிட்டால் தேடலின் எல்லை வெகுவாகக் குறுகிவிடும். சிலவற்றில் கொம்பு முழுவதும் வழவழப்பாக இருக்கும், சிலவற்றில் தாள்களை நெருக்கமாக அடுக்கியது போன்ற சாய்வான தகடுகள் இருக்கும், சிலவற்றில் வளையங்கள், இன்னும் சிலவற்றில் பின்புறம் மட்டும் சிறு காம்புகள் முளைத்திருக்கும். ஓரங்கள் சேரும்படி குழாயாகச் சுருட்டிய கொம்பு மற்றொரு வகை. கொம்பின் அடியில் அதை உள்வாங்கிக்கொள்ளும் பை அல்லது உறை இருக்கிறதா, அந்த உறையின் விளிம்பு உயர்ந்து கிண்ணம்போல் நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து செவுள். முதுகின் பின்பகுதியில் மலவாயைச் சுற்றி வட்டமாக விரிந்திருக்கலாம். உடலின் வலப்பக்கம் மேலுறைக்கு அடியில் ஒரே ஒரு செவுளாக ஒளிந்திருக்கலாம். மேலுறைக்குக் கீழே இருபுறமும் மடிப்புகளாக வரிசையாக இருக்கலாம். செவுளே இல்லாமலும் இருக்கலாம். முதுகில் வட்டமாக அமைந்த செவுள்களாயின், தொந்தரவு செய்யப்படும்போது அவை ஒரு குழிக்குள் முழுவதும் மறைகின்றனவா, அல்லது சுருங்க மட்டும் செய்கின்றனவா என்பது குடும்பத்தைத் தீர்மானிக்கும் வேறுபாடு. ஒரு மெல்லிய நிழலை அதன் மேல் விழச்செய்தாலே பலவற்றில் இது தெரிந்துவிடும்; குத்திப் பார்க்கத் தேவையில்லை.

செராட்டா என்பவை முதுகிலிருந்து எழும் விரல் போன்ற நீட்சிகள். அவை தனித்தனியாக நிற்கின்றனவா, கொத்துகளாகவா, வளைவான வரிசைகளாகவா, நடுமுதுகு வெறுமையாக விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இனங்களில் செரிமானச் சுரப்பியின் கிளை ஒவ்வொரு செராட்டாவுக்குள்ளும் செல்வதால், உள்ளே தெரியும் பழுப்பு, பச்சை, சிவப்பு முதலிய நிறங்கள் அண்மையில் உண்ட உணவைப் பொறுத்து மாறும். அந்த உள்நிறத்தை அடையாளமாகக் கொள்வது வீண்.

வாயருகே இன்னுமோர் இணை உணர்விழைகள் உள்ளனவா, பாதத்தின் முன்மூலைகள் கூராக நீண்டுள்ளனவா, மேலுறையின் விளிம்பு அகன்று பாதத்தை மறைக்கிறதா, குறுகியிருக்கிறதா, வால் மேலுறைக்கு அப்பால் நீள்கிறதா என்பவையும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும்.

பெரும்பிரிவுகளைப் பிரித்தறிதல்

ஓடில்லா நத்தை என்று பொதுவாகச் சொன்னாலும், சிலவற்றுக்கு உடலுக்குள் மெல்லிய ஓடு உண்டு. குமிழ் வடிவ ஓட்டை வெளியே சுமப்பவையும் இந்தக் கூட்டத்தில் சேரும். மணலில் ஊரும் ஒன்றுக்குத் தலையில் கொம்புகளே இல்லாமல், அகன்ற தட்டையான தலைக்கேடயம் மட்டும் இருந்தால் அது செஃபலாஸ்பிடியா பிரிவு. பெரிய, தடித்த உடல், சுருட்டிய கொம்புகள், முதுகின் மேல் மடிந்து நிற்கும் இரு பக்க மடல்கள், பாசி மிகுந்த இடம் என்றால் அது கடல்முயல். கலைத்தால் ஊதா மையைக் கக்குபவை இவற்றில் பல. சுருட்டிய கொம்புகளோடு தலையின் முன்னால் ஒரு மறைப்பும், வலப்புறம் மேலுறைக்கடியில் ஒற்றைச் செவுளும் இருந்தால் அது பக்கச்செவுள் பிரிவு.

எஞ்சிய இரண்டு பெரும்பிரிவுகளிடையேதான் குழப்பம் அதிகம். முதலாவது சாகோகுளோசா: பாசியின் செல்லைத் துளைத்து உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. எலிசியா பேரினத்தில் உடல் இலைபோல் விரிந்திருப்பதால் எளிதில் தெரியும். உறிஞ்சிய பச்சையத் துணுக்குகளைச் சிதைக்காமல் தம் உடலில் வைத்துக்கொள்ளும் இனங்கள் இவற்றில் உள்ளன. வட அமெரிக்காவின் அட்லான்டிக் கரையில் வாழும் எலிசியா க்ளோரோடிகா அவற்றை மாதக்கணக்கில் வைத்திருக்கும். ஆனால் கோஸ்டாசியெல்லா போன்ற சாகோகுளோசாக்களுக்குச் செராட்டாவும் உண்டு. அவற்றை ஏயோலிட் எனப்படும் நியூடிபிராங்க் வகையாக எண்ணிவிடுவது பலரும் செய்யும் பிழை. தலையைப் பார்த்தால் ஐயம் தீரும்: ஏயோலிடுக்கு மோப்பக் கொம்புகள் ஓரிணை, வாயருகே உணர்விழைகள் ஓரிணை என நான்கு நீட்சிகள் பொதுவாக இருக்கும், செராட்டா கொண்ட சாகோகுளோசாவுக்கு மோப்பக் கொம்புகள் மட்டுமே. பாசியின் மேல் அமர்ந்திருந்தால் ஐயம் இன்னும் குறையும்.

இரண்டாவது நியூடிபிராங்க். முதிர்ந்த நிலையில் ஓடு அறவே இல்லாத இந்தப் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 3,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. முதுகின் பின்பகுதியில் வட்டச் செவுள் இருந்தால் டோரிட். செராட்டா இருந்து, கொம்புக்கு உறையில்லாமல் இருந்தால் ஏயோலிட். உடலின் இருபுறமும் நீட்சிகள் கிளைத்தோ கொத்தாகவோ நின்று, ஒவ்வொரு மோப்பக் கொம்பும் உயர்ந்த உறைக்குள்ளிருந்து எழுந்தால் டென்ட்ரோனோட்டிட் வகை. ஹைட்ராய்டுகளில் வாழும் மிகச் சிறிய டோட்டோவை ஏயோலிடாக எண்ணாமல் இருக்க இந்த உறையே துணை. மணலில் வாழ்ந்து, முதுகில் நீளவாட்டில் வரிவரியான மேடுகள் கொண்டது ஆர்மினா. அதன் இரை, மணலில் இறகு போல் நிற்கும் கடற்பேனா என்ற பவள உறவு விலங்குகள்.

இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் நிற்பது ஃபிலிடியா குடும்பம். டோரிடுகளின் உறவாயினும் முதுகில் செவுள் இராது. கொப்புளங்கள் நிறைந்த கெட்டியான முதுகு, மேலுறைக்கடியில் இருபுறமும் செவுள் மடிப்புகள், உணவைச் சுரண்டும் ராடுலா என்ற பல்வரிசை நாக்கு அற்ற வாய் என்ற சேர்க்கையைக் கொண்டு இதை உறுதிசெய்யலாம்.

நத்தை போலத் தோன்றும் பிற உயிர்கள்

முதலில் ஐயுற வேண்டியது தட்டைப்புழுவை. காகிதம்போல் மெலிந்து, பாறையின் மேல் வழுக்கிச் செல்லும் வண்ணமயமான உயிருக்குச் செவுளும் தனியாக எழும் கொம்பும் இல்லாமல், முன்விளிம்பின் மடிப்பே இரு கொம்புகளாகத் தெரிந்தால் அது தட்டைப்புழு. சூடோசெரோஸ் இமிடேட்டஸ் என்ற தட்டைப்புழு ஃபிலிடியெல்லா பஸ்டுலோசாவின் கொப்புளங்களையும் நிறத்தையும் போலவே அமைந்திருப்பதால் அனுபவமுள்ளவரையும் ஏமாற்றும். கடலட்டைக் குஞ்சுகளும் இந்த ஏமாற்றில் பங்கேற்கின்றன: பியர்சோனோதூரியா கிரேஃபேயின் குஞ்சு, ஃபிலிடியா வாரிகோசாவைப் போன்ற நீலம், கருப்பு, மஞ்சள் தோற்றத்தோடு பட்டப்பகலில் திரியும். அதன் அடிப்புறத்தில் குழாய்க்கால்கள் இருப்பதைக் கண்டால் வேறுபாடு விளங்கும். ஓட்டை முழுவதும் சதையால் மூடிக்கொண்ட லாமெல்லாரியா வகைச் சங்குகளும் உண்டு. அவற்றின் முதுகில் மோப்பக் கொம்புகளோ வட்டச் செவுளோ இருப்பதில்லை, எளிய உணர்விழைகள் மேலுறைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும்.

உணவும் முட்டையும்

ஓடில்லா நத்தைகளில் பெரும்பாலானவை உணவில் மிகுந்த பிடிவாதம் உள்ளவை. டோரிடுகளில் பெரும்பகுதி கடற்பஞ்சை உண்ணும். நெம்ப்ரோத்தா, பாறையில் ஒட்டி வாழும் பை போன்ற அசிடியன்களை நாடும். ஏயோலிடுகள் ஹைட்ராய்டு, கடற்சாமந்தி போன்றவற்றில் மேயும். ஃபிலோடெஸ்மியம் மென்பவளத்தை உண்ணும். ஜிம்னோடோரிஸ் பிற ஓடில்லா நத்தைகளையே வேட்டையாடும். எனவே எதன் மேல் இருந்தது என்ற குறிப்பு பல வேளைகளில் நிறத்தைவிட மதிப்புள்ளது. ஒரு டோரிட் வெறும் மணலில் ஊர்ந்துகொண்டிருந்தால் அந்த மணலுக்குப் பொருள் கொடுக்க வேண்டாம், அது இடம்பெயர்கிறது. கடற்பஞ்சில் கடித்த தடத்தோடு அமர்ந்திருந்தால் அந்தக் கடற்பஞ்சையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

முட்டைகள் பிரிவை உறுதிசெய்ய உதவும்: டோரிடுகள் சுருளாக ஒட்டிய நாடா வடிவிலும், ஏயோலிடுகள் வளைந்து நெளியும் மெல்லிய சரமாகவும், கடல்முயல்கள் சிக்கலான நூற்குவியலாகவும் இடுவது பொதுவான போக்கு.

இனப்பெயர் வரை செல்லுதல்

பேரினம் தெளிவான பிறகு, அந்தப் பேரினத்தில் எந்த அடையாளம் இனங்களைப் பிரிக்கிறது என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு பேரினத்திலும் வேறானது; இந்தக் கட்டத்தில்தான் பொதுவிதிகள் கைகொடுக்காமல் போகின்றன. ஃபிலிடியா வாரிகோசாவின் பாதத்தின் அடியில் நீளவாட்டில் ஒரு கருங்கோடு ஓடும், ஃபிலிடியா சீலெஸ்டிஸுக்கு அது இல்லை. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து வாதிடுவதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் ஒரு முறை பார்ப்பது போதும். டென்ட்ரோடோரிஸ் நைக்ராவும் டென்ட்ரோடோரிஸ் ஃபுமாட்டாவும் கருப்பு முதல் செம்மஞ்சள் வரை நிறம் மாறுபவை. அவற்றைப் பிரிப்பது செவுள். ஃபுமாட்டாவில் பெரிய செவுள்கள் சில மட்டுமே இருந்து அகல விரியும், நைக்ராவில் அவை சிறிதாக நெருங்கி நிற்கும். கோரிஃபெல்லினா ரூப்ரோலினியாட்டா போன்ற ஊதா ஏயோலிடுகளில், உடலின் கோடுகளைவிட மோப்பக் கொம்பின் பின்புறத்தில் உள்ள சிறு காம்புகளே உறுதியான சான்று.

நிறம் பயன்படவே பயன்படாது என்பது இதற்குப் பொருளல்ல. க்ரோமோடோரிஸ் பேரினத்தில் நீலம், கருங்கோடு, வெள்ளை, செம்மஞ்சள் விளிம்பு என்ற சேர்க்கை பல இனங்களுக்குப் பொது. நுண்ணிய வேறுபாடுகளே வழிகாட்டும். நீலப் பரப்பில் ஊசிமுனை அளவான கரும்புள்ளிகள் நிறைந்திருந்தால் க்ரோமோடோரிஸ் அன்னே எனவும், புள்ளிகளுக்குப் பதில் மெல்லிய கருங்கோடுகள் இருந்தால் க்ரோமோடோரிஸ் எலிசபெத்தினா எனவும் கருதுவது வழக்கம். செம்மஞ்சள் விளிம்பு இல்லாத இரண்டில், செவுளிலும் கொம்பிலும் வெண்துகள்கள் தெரிந்தால் வில்லானி, இல்லையெனில் லோக்கி. ஆயினும் 2018-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்தப் பேரினத்தில் ஒரே இனம் பல கோலங்களைக் கொண்டிருப்பதையும், ஒரே பகுதியில் வாழும் வெவ்வேறு இனங்கள் ஒரே கோலத்தைப் பகிர்வதையும் காட்டியது. ஆகவே இந்த அடையாளங்களைக் கொண்டு எழுதும் பெயரைப் பெரும்பாலும் சரியானது என்ற அளவிலேயே வைத்துக்கொள்வது நேர்மை.

இடம் தீர்த்துவைக்கும் வழக்குகளும் உண்டு. பசிபிக்கின் வடபகுதிக் கரைகளில் ஹெர்மிசெண்டா க்ராசிகார்னிஸ் என்ற ஒரே இனமாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது, 2016-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஜப்பான், ரஷ்யப் பக்கத்தில் வாழ்வது ஹெர்மிசெண்டா எமுராய். அமெரிக்கப் பக்கத்தில் செராட்டாவில் நீளவாட்டில் வெண்கோடு இருந்தால் க்ராசிகார்னிஸ், இல்லையென்றால் ஒபலெசென்ஸ். இவை இரண்டும் வடக்குக் கலிஃபோர்னியாவில் சந்திப்பதால் அங்கே மட்டும் இடத்தை நம்பாமல் செராட்டாவைப் பார்த்தாக வேண்டும். உடலெங்கும் கருவளையங்கள் கொண்ட கடல்முயலும் அவ்வாறே: இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் உள்ளதை அப்ளிசியா டாக்டிலோமெலா எனப் பழைய கையேடுகள் குறித்தாலும், 2013-ஆம் ஆண்டின் மரபணு ஆய்வுக்குப் பின் அது அப்ளிசியா ஆர்கஸ் எனப்படுகிறது, டாக்டிலோமெலா என்ற பெயர் அட்லான்டிக் பக்கத்துக்கு உரியதாயிற்று.

பெயர்கள் இவ்வாறு மாறிக்கொண்டிருப்பதால், கையேட்டிலிருந்து எடுத்த பெயரை உலகக் கடல்வாழ் இனங்களின் பதிவேடான வோர்ம்ஸில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 2012-இல் க்ரோமோடோரிஸிலிருந்து பல இனங்கள் கோனியோபிராங்கஸ் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய நூல்களில் அவை பழைய பெயரிலேயே இருக்கும். படத்தைப் பதிவேற்றினால் பெயரைப் பரிந்துரைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களின் தானியங்கிப் பரிந்துரை பேரினம் வரை உதவும். இனத்தைப் பொறுத்தவரை, அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பக்கமே அது சாய்வதற்கு வாய்ப்பு உண்டு என்பதை மனத்தில் கொண்டு, மேற்சொன்ன உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

சில பேரினங்களில் ராடுலாவையும் இனப்பெருக்க உறுப்புகளையும் நுண்ணோக்கியில் பார்க்காமலும், மரபணுவைப் படிக்காமலும் இனத்தைச் சொல்லவே முடியாது. அத்தகையவற்றைப் பேரினத்தோடு நிறுத்தி, பேரினப் பெயருக்குப் பின் ‘எஸ்பி.’ என்று எழுதலாம். ஒரு குறிப்பிட்ட இனத்தை ஒத்திருந்தும் உறுதி இல்லையெனில் இடையில் ‘சிஎஃப்.’ சேர்க்கலாம். துல்லியமாகத் தோன்றும் தவறான பெயரைவிட இவை ஆய்வாளருக்கு அதிகம் உதவும். பதிவில் நாள், நேரம், இடம், ஆழம் அல்லது ஓதநிலை, ஊரும்போதிருந்த நீளம், இருந்த தளம், அருகே கண்ட முட்டை, கொம்பு, செவுள் ஆகியவற்றின் வகை என்பவற்றையும், பெயரை எந்த அடையாளத்தைக் கொண்டு தீர்மானித்தோம் என்பதையும் எழுத வேண்டும். திருத்தப்படாத மூலப் படங்கள் அனைத்தையும், மங்கலாக விழுந்தவை உட்பட, அந்தப் பதிவோடு சேர்த்து வைத்திருந்தால், நாளை அந்தப் பேரினம் மீண்டும் பிரிக்கப்படும்போது அன்று கவனிக்காமல் விட்ட உறுப்பை அவற்றில் தேடிப் பார்க்க முடியும்.